மூடிய கதவுக்கு முன்னால் ஒரு கடிதம்: யூதர்களுக்காக ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் எழுப்பிய குரல்

1938 டிசம்பர் 6ஆம் தேதி. மெல்போர்ன் நகரத்தின் காலின்ஸ் தெருவில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஒரு சிறிய குழு வந்தது. வந்தவர்கள் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள். நாஜி அரசு யூத மக்களைக் கொடுமைப்படுத்துவதைக் கடுமையாகக் கண்டிக்கிறோம், அதை நிறுத்த வேண்டும் என்று எழுதிய தீர்மானக் கடிதத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். துணைத் தூதர் டிரெக்ஸ்லர் அவர்களைச் சந்திக்க மறுத்துவிட்டார். மறுநாள் ‘தி ஆர்கஸ்’ நாளிதழில் இது சின்னச் செய்தியாக வந்தது. அப்புறம் பல பத்தாண்டுகள் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சே இல்லை.

முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்குத் தோன்றிய கேள்வி ரொம்பச் சாதாரணமானது. இவர்களுக்கு அங்கே என்ன வேலை? பெர்லின் எங்கே, மெல்போர்ன் எங்கே? அந்தக் குழுவில் வந்தவர்களின் சொந்தக்காரர்கள் பலர் அரசாங்கம் ஒதுக்கிய குடியிருப்புகளில் மேலாளரின் கட்டுப்பாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போவது சட்டப்படியே நடந்தது. தன் வீடு எரியும்போது அடுத்த ஊர்த் தீயை அணைக்கக் கிளம்புவார்களா?

கிளம்பினார்கள். ஏன் என்று புரிய, முதலில் யூத வெறுப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அதில் நம் ஊருக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

யூத வெறுப்பு

யூதர்கள் மீதான பகை ஐரோப்பாவில் மிகப் பழையது. நடுக்காலத்தில் அது மதத்தின் பெயரால் வந்தது. இயேசுவைக் கொன்றவர்கள் என்ற பழி தலைமுறை தலைமுறையாக அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. 1348 வாக்கில் கொள்ளைநோய் பரவியபோது, கிணறுகளில் யூதர்கள் விஷம் கலந்தார்கள் என்று கதை கட்டி ஊர் ஊராக அவர்களைக் கொன்றார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதத்தின் இடத்துக்கு இனம் வந்தது. ஞானஸ்நானம் வாங்கினாலும் யூதர் யூதர்தான், இரத்தத்திலேயே கோளாறு என்று பேச ஆரம்பித்தார்கள். பச்சையாக வெறுப்பு என்று சொல்லாமல், விஞ்ஞானம் மாதிரித் தொனிக்கும் பெயர் ஒன்று தேவைப்பட்டது. ‘ஆன்டிசெமிட்டிசம்’ என்ற சொல்லை 1879இல் பரப்பியவர் வில்ஹெல்ம் மார் என்ற ஜெர்மானியர். அவர் யூதர்களுக்கு எதிராகவே ஒரு சங்கம் வைத்திருந்தவர். செமிட்டிக் என்பது உண்மையில் ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். எபிரேயம், அரபு, அரமேயம் எல்லாம் அதில் அடங்கும். அதனால்தான் “அரேபியர்களும் செமிட்டியர்தானே, அவர்கள் எப்படி ஆன்டிசெமிட்டிக் ஆக முடியும்?” என்று சிலர் மடக்குவார்கள். மடக்குவதற்கு ஒன்றும் இல்லை. அந்தச் சொல் பிறந்த நாளிலிருந்தே யூதர்களை மட்டும்தான் குறிவைத்தது. தமிழில் ‘யூத வெறுப்பு’ என்று சொல்லிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

இந்த வெறுப்புக்கு ஒரு விசித்திரம் உண்டு. சாதி வெறியோ நிறவெறியோ பெரும்பாலும் ஒரு கூட்டத்தைக் கீழே தள்ளிப் பார்க்கும். யூத வெறுப்பு அப்படியும் பார்க்கும், அதே மூச்சில் நேர்மாறாகவும் பேசும். அவர்கள் கீழானவர்கள், ஆனால் திரைமறைவில் உலகத்தையே ஆட்டிவைப்பவர்கள். வங்கியும் அவர்கள் கையில், புரட்சியும் அவர்கள் வேலை. இப்படி முன்னுக்குப்பின் முரணாக இருப்பதுதான் அதற்கு வசதி. எந்தக் கெட்டது நடந்தாலும் பழி போட ஆள் தயார்.

1903இல் ரஷ்யாவில் ஒரு ஆவணம் அச்சானது. உலகத்தைக் கைப்பற்ற யூதப் பெரியவர்கள் இரகசியமாகக் கூடிப் பேசிய கூட்டத்தின் குறிப்புகள் என்று அதைச் சொன்னார்கள். அது வேறொரு பழைய அரசியல் நூலைப் பார்த்துக் காப்பி அடித்த மோசடி என்று 1921இல் லண்டன் ‘டைம்ஸ்’ பத்தி பத்தியாக எடுத்துப்போட்டுக் காட்டியது. ஆனால் பொய் செத்துவிடவில்லை. நாஜிகள் அதைப் பள்ளிக்கூடம்வரை கொண்டுபோனார்கள்.

அது ஐரோப்பாக் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். ‘இலுமினாட்டி’ என்று தமிழ் யூடியூபில் ஓடிய ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். பதிமூன்று குடும்பங்கள் உலகத்தை ஆள்கின்றன, வங்கி எல்லாம் அவர்களுடையது, போரும் நோயும் அவர்கள் ஏற்பாடு. கேட்கச் சுவாரசியம்தான். டீக்கடையில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அந்தக் குடும்பங்களின் பெயரைக் கேட்டால் முதலில் வருவது ராத்ஸ்சைல்டு என்ற யூதக் குடும்பத்தின் பெயர். 1903இல் அச்சான அதே பொய் ஆங்கிலத்தில் சுற்றி, சினிமாவில் சுற்றி, நம் வாட்ஸப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பகிர்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு யூதரைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். யூதர்கள் மீது கோபமும் இருக்காது. ஆனாலும் சரக்கு அதுதான். கண்டிப்பான வாத்தியாருக்கு ‘ஹிட்லர்’ என்று பட்டப்பெயர் வைத்துச் சிரிப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரு ஹிட்லர் இருந்தார். அவர் பாவம், வீட்டுப்பாடம் செய்யாதவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றியதோடு சரி.

இஸ்ரேல் அரசைக் குறை சொன்னால் அதுவும் யூத வெறுப்பா என்று கேட்பார்கள். ஒரு அரசின் செயலை, போரை, சட்டத்தை விமர்சிப்பது வேறு. அந்த அரசு செய்ததற்காகப் பாரிசில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் யூதரை அடிப்பது, யூதர்கள் பிறவியிலேயே அப்படித்தான் என்று பேசுவது, இதெல்லாம் யூத வெறுப்பு. கோடு எங்கே விழுகிறது என்று அறிஞர்களிடையே இன்றும் சண்டை நடக்கிறது. ஆரம்பத்துக்கு நமக்கு இது போதும்.

உடைந்த கண்ணாடி

1938 நவம்பர் 7ஆம் தேதி பாரிசில் ஹெர்ஷல் கிரின்ஸ்பான் என்ற 17 வயது யூதப் பையன் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவரைச் சுட்டான். அவனுடைய பெற்றோரை ஜெர்மனி ஆயிரக்கணக்கான யூதர்களோடு சேர்த்துப் போலந்து எல்லையில் தள்ளிவிட்டிருந்தது. அந்த அதிகாரி 9ஆம் தேதி இறந்தார். இதற்காகவே காத்திருந்ததுபோல் நாஜிகள் அன்று இரவே ஆரம்பித்தார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 1,400க்கும் மேற்பட்ட ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன அல்லது நொறுக்கப்பட்டன. சுமார் 7,500 கடைகள் சூறையாடப்பட்டன. ஏறக்குறைய 30,000 யூத ஆண்களைப் பிடித்து டாஹாவ், புகன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களில் அடைத்தார்கள். தெருவெல்லாம் கண்ணாடிச் சில்லு. அதனால் ‘கிறிஸ்டல்நாக்ட்’, உடைந்த கண்ணாடிகளின் இரவு என்று பெயர் வந்தது.

உச்சக்கட்டக் கொடுமை அதற்குப் பிறகு நடந்தது. அந்த அதிகாரியின் கொலைக்குப் பரிகாரம் என்று சொல்லி யூதர்களிடமே 100 கோடி மார்க் அபராதம் வசூலித்தார்கள். அடித்தவன் கேட்கிறான், அடிபட்டவன் கட்டுகிறான்.

இந்தச் செய்திகள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளிலும் விரிவாக வந்தன. ஆனால் அந்த நாட்டு அரசாங்கம் யூதர்களைப் பற்றி என்ன நினைத்தது என்பது அதற்கு நான்கு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரத்தில் 32 நாடுகள் கூடி, யூத அகதிகளை யார் ஏற்பது என்று பேசின. ஆஸ்திரேலியாவின் சார்பில் போன அமைச்சர் தாமஸ் ஒயிட் எழுந்து, எங்கள் நாட்டில் இனப் பிரச்சினை என்று ஒன்று இல்லை, வெளியிலிருந்து அதை இறக்குமதி செய்துகொள்ளவும் விருப்பம் இல்லை என்ற பொருளில் பேசினார்.

இனப் பிரச்சினை இல்லையாம். அந்த நாட்டு அரசியலமைப்பின் 127ஆவது பிரிவு, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எண்ணிக்கையிலேயே இல்லாதவர்கள் பிரச்சினையாக மட்டும் எப்படித் தெரிவார்கள்? எவியானில் அந்தப் பேச்சைக் கேட்டவர்களுக்கு யூதர்கள் விரட்டப்படுவது தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றங்கரையில் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முர்ரே ஆற்றங்கரைக்காரர்

அந்த ஆற்றங்கரையில், யோர்டா யோர்டா மக்களிடையே, 1860 வாக்கில் பிறந்தவர் வில்லியம் கூப்பர். தூதரகத்துக்குப் போன குழுவை அனுப்பிய ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் சங்கத்தை உருவாக்கியவர் அவர்தான். சிறுவனாக மலோகா என்ற கிறிஸ்தவ மிஷனுக்கு வந்தார். பில்லி கூப்பர் என்ற பையன் மூன்றே நாளில் ஆங்கில எழுத்துகளைக் கற்றுக்கொண்டு, இன்னொரு பையனுக்கும் சொல்லிக்கொடுத்தான் என்று மிஷனை நடத்திய டேனியல் மாத்யூஸ் 1874இல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் மந்திரிகளுக்கும் பிரதமருக்கும் ஓயாமல் கடிதம் எழுதிக் குவித்த கை அது.

மலோகாவில் அவர்களுக்குக் கிடைத்த பெரிய புத்தகம் பைபிள். அதில் அவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்தது யாத்திராகமம். பார்வோனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேலர், தங்கள் நிலத்துக்குத் திரும்பப் போகும் கதை. நிலத்தை இழந்த ஒரு ஜனத்துக்கு அது வெறும் ஞாயிற்றுக்கிழமைப் பாடமாக இருந்திருக்காது. 1938இல் யூதர்கள் அடிபடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, நேரில் பழகாதவர்களானாலும், அவர்கள் முன்பின் தெரியாதவர்களாகத் தோன்றியிருக்க மாட்டார்கள் என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவரைப் பற்றி நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், 1859இல் மொரிஷியஸில் இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். அவரைத் தமிழர் என்றே எழுதுகிறவர்களும் உண்டு. இளைஞராக மெல்போர்னுக்குக் கப்பல் ஏறி வந்து, மலோகாவில் சம்பளம் இல்லாத ஆசிரியராகச் சேர்ந்தார். 1885இல் கூப்பரின் சகோதரி ஏடாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மிஷன் மக்கள் கம்மரகஞ்சா என்ற புது இடத்துக்குப் பெயர்ந்தபோது அவரும் கூடவே போய்ப் பல பத்தாண்டுகள் பாடம் நடத்தினார். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தலைமுறைத் தலைவர்கள் வந்தார்கள். பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரான டக் நிக்கல்ஸ் கம்மரகஞ்சாக்காரர். கரும்புத் தோட்டத் தீவிலிருந்து வந்த ஒருவர், ஆஸ்திரேலியப் பூர்வகுடி இயக்கத்துக்கே எழுத்தறிவித்த மச்சானாகிப்போனார். இந்தத் திருப்பம் நம் பாடப்புத்தகம் எதிலும் இல்லை.

கூப்பர் ஆட்டு மயிர் கத்தரித்தார், மாடு ஓட்டினார், குதிரை பழக்கினார். தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். அவருடைய மகன் டேனியல் முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்து 1917இல் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். பிள்ளையைச் சாம்ராஜ்யத்துக்குக் கொடுத்த தகப்பனுக்கு முதுமையில் ஓய்வூதியம் இல்லை. ஒதுக்கப்பட்ட குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அது கிடையாது என்பது விதி. ஆகவே 70 வயதைத் தாண்டியபின் கம்மரகஞ்சாவை விட்டு மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே இருந்துகொண்டு சங்கத்தை வளர்த்தார்.

அவருடைய பெரிய கனவு ஒரு மனு. பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு பிரதிநிதி வேண்டும், இனம் அழியாமல் காப்பாற்ற வேண்டும் என்று இங்கிலாந்து மன்னரிடம் கேட்கும் மனு. ஊர் ஊராக ஆள் அனுப்பி, குடியிருப்பு மேலாளர்களின் தடையை எல்லாம் மீறி 1,814 கையெழுத்துகள் சேர்த்தார்கள். 1937இல் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். மன்னருக்கு அனுப்புவதில்லை என்று 1938இல் அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது. அதே 1938 ஜனவரி 26ஆம் தேதி, வெள்ளையர் வந்து 150 ஆண்டுகள் ஆனதை நாடே கொண்டாடியபோது, கூப்பரும் சிட்னித் தலைவர்களும் சேர்ந்து அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள்.

ஆக, 1938 டிசம்பரில் காலின்ஸ் தெருவுக்குப் போனவர்கள் கதவு மூடப்படுவதற்குப் புதியவர்கள் அல்லர்.

இதைத் தோழமை என்று ஏன் சொல்கிறோம்

‘சாலிடாரிட்டி’ என்பதற்குத் தமிழில் ‘ஒருமைப்பாடு’ என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. ‘தேசிய ஒருமைப்பாடு’ என்று அரசாங்கப் பலகைகளில் பார்த்துப் பார்த்து அது வேறு வாசனை அடிக்கிறது. ‘தோழமை’ பரவாயில்லை. தோளோடு தோள் நிற்பது என்று பேச்சில் சொல்கிறோமே, அதுதான் விஷயம்.

இரக்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரக்கப்படுகிறவர் மேலே நிற்கிறார். அவருக்குக் கொடுக்க ஏதோ இருக்கிறது. கூப்பர் சங்கத்திடம் கொடுக்க என்ன இருந்தது? பணம் இல்லை, பதவி இல்லை. அவர்கள் அனுப்பியது ஒரு கடிதம். ‘ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் சார்பில்’ என்று அதில் எழுதினார்கள் பாருங்கள், அந்த வார்த்தைகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. தங்களை ஒரு ஜனமாக அரசு ஏற்காத நேரத்தில், இன்னொரு ஜனத்துக்கு நடப்பதைக் கண்டிக்கும் தகுதி எங்களுக்கு உண்டு என்று சொன்னார்கள். கண்டிப்பதற்கும் ஒரு தலைநிமிர்வு வேண்டும்.

இங்கேதான் ஒரு விவாதம். கூப்பரைப் பற்றி நிறைய ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பெய்ன் ஆட்வுட் சில விஷயங்களைக் கிளறியிருக்கிறார். அன்று கூப்பர் அந்தக் குழுவில் நேரில் போனாரா என்பதற்கே உறுதியான ஆதாரம் இல்லை. அப்போது அவருக்கு 77 வயதுக்கு மேல், உடம்பும் சரியில்லை. சங்கத்தின் நோக்கமும் யூதர்களோடு நிற்கவில்லை, தங்கள் மக்களின் நிலையை நாட்டுக்குச் சுட்டிக்காட்டுவதும் அதில் அடக்கம் என்கிறார். கூப்பர் எழுதிய கடிதங்களில் இது நேரடியாகவே இருக்கிறது. ஹிட்லர் யூதர்களை நடத்தும் விதம் கண்டு எல்லோரும் கொதிக்கிறோம், இங்கே எங்களுக்கும் அதுதான் நடக்கிறது, இதையும் கவனியுங்கள் என்று அந்த நாட்களில் எழுதியிருக்கிறார்.

சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அட, சொந்தக் காரியத்துக்காகத்தானா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் முதுகில் தழும்பு இருப்பவர், அடுத்தவர் முதுகில் அடி விழும் சத்தம் கேட்டுத் திரும்புவது இயற்கை. திரும்பியதும் தன் தழும்பையும் காட்டினால் அது களவாணித்தனம் ஆகிவிடாது. ஊருக்காகப் பேசுகிறவர் தன் பசியை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் கொஞ்சம் விவகாரமானது. அந்த எதிர்பார்ப்பை ஏழைகளிடமும் ஒடுக்கப்பட்டவர்களிடமும் மட்டுமே வைக்கிறோம்.

ஒப்பிடுவதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும் என்பது உண்மை. பூர்வகுடிகளுக்கு நடந்ததும் யூதர்களுக்கு நடந்ததும் ஒன்றேதான் என்று சொல்லிவிட்டால் இரண்டுமே புரியாமல் போகும். 1938இல் கூப்பருக்கு ஆஷ்விட்ஸ் கொலை முகாம் தெரியாது, அது இன்னும் கட்டப்படவில்லை. அவர் ஒப்பிட்டது வீடு பறிப்பு, உரிமை பறிப்பு, அடி உதை. அந்த அளவில் அவர் சொன்னது மிகை இல்லை. அதே நவம்பர் 26ஆம் தேதி இங்கே காந்தியும் ‘ஹரிஜன்’ இதழில் யூதர்களைப் பற்றி எழுதினார். கிறிஸ்தவ உலகத்தின் தீண்டத்தகாதவர்கள் யூதர்கள், இந்துக்கள் தீண்டாமை பாராட்டுவதற்கும் அதற்கும் மிக நெருங்கிய ஒற்றுமை இருக்கிறது என்றார். ஜெர்மன் யூதர்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்று அதிலேயே அவர் சொன்ன யோசனை பலரைக் கோபப்படுத்தியது, இன்றும் படுத்துகிறது. காந்தி பரிதாபத்தோடு புத்திமதியும் சேர்த்து அனுப்பினார். மெல்போர்ன் கடிதத்தில் யூதர்களுக்கு எந்த யோசனையும் இல்லை. பேச்செல்லாம் அடித்தவனிடம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் தோழமை என்றால் என்ன என்று அகராதியைவிட நன்றாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிறிஸ்டல்நாக்டுக்கு எதிராக உலகத்திலேயே எழுந்த ஒரே எதிர்ப்பு இதுதான் என்று இணையத்தில் பரவலாகப் பார்க்கலாம். அது சரியில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தன் தூதரையே பெர்லினிலிருந்து வரவழைத்துக்கொண்டார். மெல்போர்ன் சம்பவத்தின் கனம் யார் போனார்கள் என்பதில் இருக்கிறது. ‘ஒரே’ என்ற பட்டம் அதற்குத் தேவையில்லை.

அரிசோனாவின் கூடைகள்

அமெரிக்காவிலும் இதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்க ஒன்று நடந்தது. தமிழர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

நாஜிகள் தங்கள் கொடியில் வைத்துக்கொண்ட ஸ்வஸ்திகா நமக்குப் புதிதல்ல. கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், புதுக்கணக்கு நோட்டில் இருக்கும், வாசல்படியில் மஞ்சளால் போட்டிருப்பார்கள். அதேபோல ஒரு சின்னம் அமெரிக்கப் பூர்வகுடிகளான நவாஹோ மக்களிடமும் உண்டு. சுழலும் மரக்கட்டை என்று பொருள்படும் பெயரால் அதைக் குறிப்பிடுவார்கள். கம்பளியிலும் கூடையிலும் மணல் ஓவியத்திலும் தலைமுறைகளாக வந்த சின்னம். சுற்றுலாப் பயணிகள் விரும்பி வாங்கியதால் அதில் வருமானமும் இருந்தது.

1940 பிப்ரவரியில் அரிசோனாவின் டூசான் நகரத்தில் நவாஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாபகோ ஆகிய நான்கு இனத்தாரின் பிரதிநிதிகள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். எங்கள் முன்னோரிடம் நட்பின் அடையாளமாக இருந்த சின்னத்தை வேறொரு நாட்டார் களங்கப்படுத்திவிட்டார்கள், ஆகையால் இன்றுமுதல் என்றென்றைக்கும் எங்கள் கம்பளிகளிலும் கூடைகளிலும் கலைப் பொருள்களிலும் துணிமணிகளிலும் அதைப் போட மாட்டோம் என்பது அதன் சாரம்.

பிரகடனத்தில் யூதர்கள் பெயர் இல்லை, நாஜிகளைத்தான் அது சுட்டியது. எனவே இதை நேராக யூதத் தோழமை என்று முத்திரை குத்த நான் தயங்குவேன். ஆனால் விலையை யோசித்துப் பாருங்கள். தப்பு ஒன்றும் செய்யாத ஒரு கூட்டம், யாரோ திருடிக் கறைப்படுத்திய தன் சின்னத்தைத் தானே விட்டுக்கொடுத்தது. அவர்களுக்கு அரிசோனாவில் ஓட்டுரிமை வந்ததே 1948இல்தான். பிற்காலத்தில் சில நெசவாளர்கள் அது எங்கள் சின்னம், நாங்கள் ஏன் விட வேண்டும் என்று திரும்பவும் போட ஆரம்பித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நம் வாசல்படியில் போடுவதை நிறுத்து என்று யாராவது சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோம் என்று நினைத்தால் அந்தக் கையெழுத்தின் எடை தெரியும்.

அப்புறம் என்ன ஆயிற்று

தூதரகச் சம்பவத்துக்கு இரண்டு மாதம் கழித்து, 1939 பிப்ரவரியில், கம்மரகஞ்சா மக்கள் மேலாளரின் கெடுபிடி தாங்காமல் கூண்டோடு வெளியேறினார்கள். 150 பேருக்கு மேல் முர்ரே ஆற்றைக் கடந்து அக்கரையில் கூடாரம் போட்டார்கள். சங்கத்தின் சக்தி முழுக்க அதில் போனது. கூப்பர் 1941 மார்ச்சில் காலமானார். யூதர்களின் நிலை என்ன ஆயிற்று என்பதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

கூப்பர் சங்கத்தார் கைமாறு எதிர்பார்த்துச் செய்யவில்லை என்றாலும் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்ற காலனியக் கோட்பாட்டை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல் மாபோ வழக்கில் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கைப் பல ஆண்டுகள் தூக்கிச் சுமந்த முன்னணி வழக்கறிஞர் ரான் காஸ்டன் மெல்போர்ன் யூதர். 1965இல் பூர்வகுடிகளுக்கு எதிரான ஒதுக்கலைக் கண்டித்துச் சிட்னி மாணவர்கள் பேருந்தில் ஊர் ஊராகப் போனார்களே, அதில் இருந்த ஜிம் ஸ்பிகல்மனும் யூதர்தான். இவற்றைக் கடன் தீர்த்ததாகச் சொல்வது தவறு. 1938 சம்பவம் அப்போது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதே வேறு விஷயம்.

மெல்போர்னில் இருக்கும் யூதப் படுகொலை நினைவு மையத்தில் 2002இல் ஒரு பலகை வைத்தார்கள். அதன்பின் மரியாதைகள் வரிசையாக வந்தன. இஸ்ரேலில் கூப்பர் பெயரில் மரங்கள் நடப்பட்டன. எருசலேமின் யாத் வஷேம் நிறுவனம் 2010இல் அவர் பெயரில் ஓர் ஆய்விருக்கை ஏற்படுத்தியது. மெல்போர்னில் நீதிமன்ற வளாகம் ஒன்றுக்கு அவர் பெயர். 2018இல் ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கே ‘கூப்பர்’ என்று பெயர் மாற்றினார்கள். அதன் பழைய பெயர் ‘பேட்மன்’. மெல்போர்ன் நிலத்தைப் பூர்வகுடிகளிடமிருந்து போர்வைக்கும் கோடரிக்கும் வாங்கியதாகச் சொல்லிக்கொண்ட ஜான் பேட்மனின் பெயர் அது.

இன்று இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று பேச்சு வந்தால் கூப்பரைத் தங்கள் பக்கம் இழுக்க இரு தரப்பிலும் ஆள் இருக்கிறது. யூதர்களுக்காக நின்றவர் என்கிறது ஒரு தரப்பு. நிலம் பறிபோனவர்களின் பக்கம் நின்றவர் என்கிறது மற்றது. பூர்வகுடிகளுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. இஸ்ரேல் என்ற நாடு பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பே இறந்துபோன மனிதரிடம் அதற்கு விடை இருக்காது. அவர் விட்டுப்போனது அடிபடுகிறவர்கள் பெயரைச் சொல்லி, அடிப்பவன் வீட்டு வாசலுக்கே போய்க் கேட்ட ஒரு கேள்வி.

கூப்பரின் பேரனுக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது போலும். 2012 டிசம்பர் 6ஆம் தேதி, 84 வயதை எட்டிக்கொண்டிருந்த அவர், குடும்பத்தாரோடும் யூத சமூகத்தாரோடும் ஃபுட்ஸ்கிரேயிலிருந்து நகரத்துக்கு அந்தக் கடிதத்தின் படியைக் கொண்டுபோனார். இந்தத் தடவை ஜெர்மனியின் கௌரவத் துணைத் தூதர் அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார். 2017இல் பெர்லினுக்கே போய் ஜெர்மன் அரசின் பிரதிநிதியிடமும் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கு நடுவில், 2014இல், அவர் இன்னொரு காகிதத்தையும் கொண்டு சேர்த்திருந்தார். 1,814 பேர் கையெழுத்துப் போட்டு, அமைச்சரவை நிறுத்திவைத்த தாத்தாவின் மனு. ஆஸ்திரேலிய கவர்னர் ஜெனரல் வழியாக அது எலிசபெத் ராணிக்குப் போனது. தாத்தா எழுதியது ராணியின் தாத்தாவுக்கு.